சிவப்பு டப்பா, காலை ஏழு மணி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் நலம் என்றுதான் ஆரம்பிக்க நினைத்தேன், அது அரைப்பொய்யாகிவிடும். அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள். போன செவ்வாய்க்கிழமை அப்படி இல்லை. மூன்று வாரமாக நீ போனை எடுப்பதில்லை, அனுப்பும் செய்தியைப் படிப்பதும் இல்லை. அதனால்தான் தபால்.

வெளிநாடு கிளம்பும்போது சமையலறை அலமாரியில் நீ வைத்துவிட்டுப் போன ஸ்பீக்கர், அப்பா போன பிறகும் தினமும் காலை ஏழு மணிக்கு மாத்திரை போடச் சொல்லி உன் குரலில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அப்பா, நீல டப்பா. அம்மா, சிவப்பு டப்பா. அதற்கு என்ன தெரியும், பாவம். 'அப்பா' என்று கேட்டதும் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். பத்தாம் நாள் பொறுக்காமல் உன் புரோகிராமைத் திறந்தேன்.

ஆபீசில் அடுத்தவர் புரோகிராமில் பிழை பிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். அப்பா பெயரை நீக்கப் பார்த்தேன், முடியாது என்றது. நீ அதை டியூப்பிளில் வைத்திருக்கிறாய். ஒரு தடவை கட்டிவிட்டால் எதையும் சேர்க்கவோ எடுக்கவோ முடியாத வரிசை. "மாறக்கூடாதத லிஸ்ட்ல வெச்சா யாராவது கை வெச்சிடுவாங்கக்கா, முக்கியமா நீ" என்று நீ கிண்டல் செய்தது ஞாபகம் வந்தது. சிரித்தேன், அப்புறம் அழுதேன். அம்மா பெயர் மட்டும் போட்டுப் புது வரிசை ஒன்று எழுதி, பழையதன் இடத்தில் வைத்தேன்.

டப்பாக்களுக்குத் தனி வரிசை இருந்ததை நான் பார்க்கவில்லை. முதல் பெயருக்கு முதல் டப்பா, இரண்டாவதற்கு இரண்டாவது. அப்பா பெயர் போனதும் அம்மா முதலிடத்துக்கு வந்துவிட்டாள். மறுநாள் உன் குரல் "அம்மா, நீல டப்பா" என்றிருக்கிறது. அது அப்பாவின் சர்க்கரை மாத்திரை. லீவு முடிந்துவிட்டதால் அந்நேரம் நான் ஆபீஸ் பஸ்ஸில் இருந்தேன்.

மூன்று நாள் போட்டிருக்கிறாள். மூன்றாம் நாள் பாத்திரம் கழுவும்போது வியர்த்துக் கொட்டிச் சரிந்துவிட்டாள். நல்லவேளை, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா பார்த்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

டப்பா மாறியது தெரியவில்லையா என்று அம்மாவிடம் கத்தினேன். தெரிந்ததாம். "பையன் அங்கேருந்து யோசிச்சு மாத்தியிருக்கான்னு நெனச்சேன்டி, டாக்டர்கிட்ட கேட்டிருப்பான்" என்றாள். தையல்காரம்மாவிடம் அதைப் பெருமையாக வேறு சொல்லியிருக்கிறாள். மாற்றியது நான்தான் என்று சொன்னேன். விழுந்ததற்கு அழாதவள் அப்போது அழுதாள்.

இரண்டு வரிசையையும் சரிசெய்து, மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். நீல டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அப்பா போன அன்று, டிக்கெட் கிடைக்கவில்லை என்று நீ அழுதபோது, "இனிமே நீ வந்தா என்ன, வராட்டி என்ன" என்றேன். நாக்கில் சனி. சொன்ன சொல்லும் உன் டியூப்பிள் மாதிரிதான். உள்ளே கைவிட்டு எதையும் எடுக்க முடியவில்லை. புதிதாக ஒன்று எழுதத்தான் முடிகிறது. மன்னித்துவிடுடா.

மறுபடி லீவு போட்டு வீட்டில் இருப்பதால் பார்க்கிறேன், அம்மா இப்போது ஏழு மணிக்கு முன்பே தலை வாரிக்கொண்டு, ஸ்பீக்கருக்கு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். நீ கூப்பிட்டதும் மாத்திரையை விழுங்கிவிட்டு, "போட்டுட்டேம்பா, நீ சாப்ட்டியா" என்று கேட்கிறாள். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எழுந்து போகிறாள்.

அடுத்த மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் நேரத்துக்குக் காலை ஏழு மணிக்கு, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு அந்த இடத்தில் என் போனை வைக்கிறேன். அதில் கூப்பிட்டு, சிவப்பு டப்பா என்று நீயே சொல். அப்புறம் அவள் கேட்பதற்குப் பதில் சொல்.

வேளைக்குச் சாப்பிடு, கண்ணா. நல்லா இரு.

உன் அக்கா