ட்ரவுட் ஏரிக்குப் போன டபரா

என் மச்சானே, சேகரே, இனிமேல் மூச்சு வாங்காதவனே,

நீ ஆசைப்பட்ட மலை ஏரியைப் பார்த்துவிட்டு வந்தேன். முத்தாபுதுப்பேட்டை வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உடம்புதான் இங்கே இருக்கிறது. கண்ணை மூடினால் காஷ்மீரத்துப் பச்சைத் தண்ணீர் மெல்ல அசைகிறது.

ஞாயிறு விடிந்தால் நமக்குச் செம்பரம்பாக்கம் ஏரி. நாலு ஜிலேபி கெண்டை மாட்டினால், திரும்பும் வழியில் குமணன்சாவடி டீக்கடையில் நீதான் ராஜா. அங்கேதானே அந்த ஏரியையும், குளிர்ந்த தண்ணீரில் வாழும் அதன் ட்ரவுட் மீனையும் முதலில் செல்போனில் காட்டினாய்?

"மாமே, இத்த பாரேன். மேகமே எறங்கி வந்து தண்ணி குட்ச்சிட்டு போற எடம். அங்க நின்னு ஒரு தபா தூண்டி போட்டா போதும், செத்தாலும் பரவால்ல."

"நீ செத்தா மீன யாரு வறுக்கறது?" என்றேன். எவ்வளவு சிரித்தோம்!

ஃபேக்டரியில் லேத் ஓட்டிய கை உன்னுடையது. உன் அம்மாவின் பித்தளை டபராவைக் கிளப்பிக்கொண்டு வந்து, வெட்டி, அரத்தால் ராவி, வேப்பிலை அளவில் ஒரு ஸ்பின்னர் செய்தாய். தண்ணீரில் இழுத்தால் அது சுழன்று மின்னும், குஞ்சு மீன் என்று ஏமாந்து ட்ரவுட் கவ்வும் என்றாய். "ரெண்டு பேர் போறோம், ஒண்ணுதானா? கஞ்சப்பயலே" என்று கிண்டல் செய்தேன். "ஒண்ணு போதும் மாமே" என்று அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். அத்தை டபராவைத் தேடாத இடமில்லை.

அங்கே மீன் பிடிக்க பர்மிட் வாங்கும் பொறுப்பு என்னுடையது. மூன்று வருஷம், ஒவ்வொரு ஆடியிலும், "இந்த வருஷமும் கெடைக்கலடா" என்றேன். மச்சான், நான் விண்ணப்பமே போடவில்லை. சேக்காட்டில் உன் வீட்டு மாடிப்படியில் நீ மூச்சு வாங்கி இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்ததைப் பார்த்துவிட்டேன். பன்னிரண்டாயிரம் அடி உயரத்துக்கு உன்னை எப்படிக் கூட்டிப்போவேன்?

அப்படியும் நீ தங்கினாயா? போன வருஷம் ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. உன்னைக் காப்பாற்றவும் இல்லை, உன் ஏரியைக் காட்டவும் இல்லை. அந்தப் பொய் என் நெஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தது.

இந்த ஆடியில் நிஜமாகவே பர்மிட் வாங்கி, உன் தங்கை செல்வியும் நானும் போனோம். குதிரைக்காரர் பஷீர் பாய் வழிகாட்டினார். இரண்டு நாள் நடை. மூன்றாம் நாள் காலையில் மூடுபனி கொஞ்சம் கொஞ்சமாக விலக, ஏரி தெரிந்தது. நீ சொன்ன மேகம் நிஜமாகவே தண்ணீர்மேல் படுத்திருந்தது.

பிறகு நான் செய்த கூத்தைக் கேள். செம்பரம்பாக்கத்துப் பழக்கத்தில் கரையில் நெட்டுக்குத்தாக நின்று ஸ்பின்னரை வீசிவிட்டு, சம்மணம் போட்டுக் காத்திருந்தேன். கண்ணாடித் தண்ணீரில் என் நிழலைப் பார்த்த மீன்கள் அப்போதே ஓடிவிட்டன. சுற்றி இழுக்காத ஸ்பின்னர் அடியில் போய்ப் பாறையில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் தூண்டில் நரம்பு அறுந்துவிடும். உன் கையால் செய்தது அது ஒன்றுதானே! இறங்கிவிட்டேன். இடுப்புவரை பனி உருகிய தண்ணீர்.

"யோவ், மேல வா! அது போனா போவுது, நீயும் பூடாத!" என்று செல்வி அலறினாள்.

மரத்துப்போன விரல்களால் எடுத்துக்கொண்டு வந்தேன். பஷீர் பாய் என்மேல் கம்பளியைப் போர்த்திவிட்டு, குனிந்து ஒளிந்துகொண்டு வீசி, விடாமல் நரம்பைச் சுற்றி இழுக்க வேண்டும் என்று செல்விக்குக் கையாலேயே காட்டினார். அவள் பாறைக்குப் பின்னால் மண்டியிட்டாள். மூன்றாவது வீச்சில் தூண்டில் கம்பு வளைந்தது. ட்ரவுட்டேதான்; உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி, மச்சான். முள்ளை எடுத்துத் தண்ணீருக்குள்ளேயே பிடித்திருந்தாள். விட்ட பிறகும் அது அவள் உள்ளங்கைமேல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனது.

அப்போதுதான் அவளிடம் பர்மிட் பொய்யைச் சொல்லி அழுதேன்.

"அண்ணனுக்கு எல்லாம் தெரியும்யா. டாக்டரு மலையெல்லாம் ஏறவே கூடாதுன்னு சொன்னத உன்கிட்ட சொல்லாதன்னு என் வாயக் கட்டிப் போட்ச்சு. 'அவன் பயந்துகினு கீறான், உடு. எனக்கு அப்பால நீ அவன இட்டுகினு போ'ன்னுச்சு. ரெண்டு பேரு போறதுன்னா ரெண்டு ஸ்பின்னரு செஞ்சிருக்காதா?"

அடப்பாவி! ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டே குமணன்சாவடியில் எத்தனை டீ குடித்திருக்கிறோம்! போக மாட்டோம் என்று தெரிந்துகொண்டா அந்தப் பித்தளையை அப்படித் துடைத்தாய்?

ஊருக்கு வந்ததும் அத்தையிடம் டபரா போன உண்மையைச் சொன்னேன். உன்னையும் என்னையும் சேர்த்துத் திட்டினார். பிறகு உள்ளே போய் அதன் ஜோடி டபராவை எடுத்து வந்தார். "இது மட்டும் ஒண்டியா இன்னாத்துக்கு கீது? எடுத்துகினு போ."

அரத்தை எடுத்துவிட்டேன். ஓரம் கோணலாக வருகிறது, நீ பார்த்தால் சிரிப்பாய். அடுத்த ஆடிக்குள் முடித்துவிடுவேன். அந்தக் கரையில் இரண்டு ஸ்பின்னர் இருக்கும் மச்சான், இது சத்தியம். விண்ணப்பமும் போட்டாயிற்று.

உன் தங்கச்சி புருஷன்,
இளங்கோ