உதறாமல் வைத்த காய்ச்சல்

என்ட சக்கரைக் கட்டி மச்சாள் பாக்கியத்துக்கு,

சக்கரைக் கட்டி என்றதும் உச்சி குளிர வேண்டாம். உன்னோடு எனக்கொரு வழக்கு இருக்கு. அதற்கு முதல் உன்ட மகள் சுதாவைப் பற்றிக் கோள் சொல்ல வேணும்.

நீ போன பிறகு பிறந்தாளே உன்ட பேத்தி மிதுனா, அவளுக்குப் போன கிழமை உடம்பு சரியில்லை. மூக்கு உன்ட மூக்குத்தான், பாவம். பால் குடிக்கிறாளில்லை, சிரிக்கிறாளில்லை. பெரியகல்லாறு முழுக்க டெங்குக் கதை. தூக்கினால் முதுகு சோற்றுப்பானை மாதிரிச் சுடுது. சுதாவோ காய்ச்சல் இல்லை என்று சாதிக்கிறாள்.

உன்ட மருமகன் கட்டாரில் இருந்து ஒரு துவக்கு அனுப்பியிருக்கிறார். குண்டு வராது, பயப்படாதே. தொடத் தேவையில்லை, தோலில் இருந்து வீசுற சூட்டைத் தள்ளி நின்றே பிடிக்கிற தெர்மோமீற்றர். சுதா பிள்ளையின் நெற்றிக்கு நேரே பிடித்து அமத்தினாள். பச்சை வெளிச்சம். தொண்ணூற்றேழு.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஏன் தெரியுமா? உன்ட அண்ணன் பிடிக்கிற இறாலை நான்தானே ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டியில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வாங்குறவன் கம்பித் தெர்மோமீற்றரைக் குத்திப் பார்ப்பான். நான் ஐஸுக்குப் பக்கத்தில் குத்தச் சொல்வேன், அவன் நடுவில் குத்துவான். ஒரே பெட்டிதான், சூடு வேறு வேறு. எங்கே வைக்கிறது என்பதில்தான் எல்லாக் கள்ளமும் கிடக்கு.

நெற்றியைக் கிட்டப் பார்த்தேன். மண்டூர் முருகன்ட திருநீற்றைத் தண்ணியில் குழைத்து அப்பி வைத்திருக்கிறாள் உன்ட மகள். ஈரம் இன்னும் காயவில்லை. காய்ச்சல் இல்லையென்று துவக்கு சொன்னது திருநீற்றுக்கு! துடைத்து, காயவிட்டுப் பார்த்தோம். நூறைத் தாண்டியது. காற்றாடிக்குக் கீழே பிடித்தால் இன்னொரு கதை. இதை நம்பி எப்படிப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கிறது?

உன்ட பழைய கண்ணாடித் தெர்மோமீற்றர் எங்கே என்று கேட்டேன். உடைந்து போச்சாம். உடைந்திருந்தால் பாதரசம் உருண்டோட, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடியிருப்பாள் இவள். உன்னைப் போலப் பொய் சொல்ல அவளுக்கு வராது. நேரே போய் அலுமாரியைத் திறந்தேன். உன்ட சேலைகளுக்குக் கீழே, நீ மூக்குக்கண்ணாடி வைக்கிற கூட்டுக்குள், பஞ்சில் சுற்றிக் கிடந்தது. பாதரசம் நூற்றி நாலையும் தாண்டி நின்றது. உதறி இறக்கக் கையைத் தூக்கினேன். சுதா பாய்ந்து வந்து பிடித்தாள்.

"உதறாதீங்க மாமி. அது அம்மாட காய்ச்சல்."

கொஞ்ச நேரம் எனக்கு விளங்கவில்லை. மறுகாதான் விளங்கிச்சு. அந்தக் கண்ணாடிக்குள்ளே ஒரு இறுகின கழுத்து இருக்கல்லவா? சூட்டுக்கு ஏறின ரசம் தானாக இறங்க ஏலாது, உதறும்வரை ஏறின இடத்திலேயே நிற்கும். ஆஸ்பத்திரிக்கு ஏற்றின அன்று உன்ட கமக்கட்டில் இருந்து எடுத்ததை அதுக்குப் பிறகு ஒருவரும் உதறவில்லை. உன்னை மண்ணுக்குள் வைத்து, ஆண்டுத் திவசமும் முடித்தோம். உன்ட சூடு மட்டும் அலுமாரிக்குள் நின்றுகொண்டிருக்கு.

பிள்ளை மடியில் கிடந்து முனகினாள். நான் தெர்மோமீற்றரைச் சுதாவின் கையிலேயே கொடுத்தேன். பிள்ளையைப் பார்த்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு உதறினாள்.

பிள்ளையின் கையைத் தூக்கிக் கமக்கட்டில் வைத்துப் பார்த்தோம். நூற்றி மூன்று. உடனே ஓட்டோ பிடித்தோம்.

ஆஸ்பத்திரியில் நேர்ஸ் மிஸ் வைத்தது பற்றரி போட்டது. அதிலும் எனக்குச் சந்தேகம்தான். நுனியில் இருக்கிற உலோகம் சூட்டை உணர்ந்து இலக்கமாகக் காட்டுமாம், கீக் கீக் என்று கத்தும்வரை எடுக்கக் கூடாதாம். அதுவும் நூற்றி மூன்று என்றுதான் கத்திச்சு. டெங்குதான். நேரத்தோடு வந்தீர்கள் என்றார் டொக்டர். இப்போது மிதுனா வீட்டுக்கு வந்து என்ட தோட்டைப் பிடித்து இழுக்கிறாள்.

இனி உன்ட வழக்குக்கு வாறன். உன்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றின அன்று காலையில் துவாயால் போர்த்திக்கொண்டு படலையடியில் இருந்தாய். என்னகா என்று கேட்டேன். "ஒண்டுமில்லகா, வெயில் சூடு" என்றாய். நானும் உன்னைப் பகிடி பண்ணிவிட்டு இறால் பெட்டியோடு போனேன். நூற்றி நாலா வெயில் சூடு? ஆருக்காக மறைத்தாய்? சுதா வயிற்றுப் பிள்ளையோடு பதறிப் போவாள் என்றா? என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

சந்தேகக்காரி என்று ஊரெல்லாம் எனக்குப் பேர். ஏமாற்றினது நீ ஒருத்திதான்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்றன். உன்ட வீட்டில் இனி ஆர் 'ஒண்டுமில்ல' என்று சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். நேற்றும் சுதா தலையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். என்ன பிள்ளை என்றேன். ஒண்டுமில்ல மாமி என்றாள்.

கையைத் தூக்கு என்றேன்.

உன்னை ஒருக்கா நம்பிக் கெட்ட,
உன்ட அண்ணன் பெண்சாதி
தங்கம்