முந்நூறு புத்தகங்களில் விடுபட்ட தாள்

அன்புள்ள அண்ணா,

எங்கள் அச்சகத்தில் அச்சாகும் புதிய அரசியல் சாசனத்துக்கு அடுத்த வாரம் வாக்கெடுப்பு. விசாரணையில்லாமல் யாரையும் அடைத்து வைக்கக் கூடாது என்ற தாளையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்ததில், முந்நூறு புத்தகங்களில் அதை அடுக்காமல் விட்டுவிட்டேன்.

மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன்.

"அடிப்பாவி! வேணும்னே உருவிட்டாங்கன்னு ஊரே பேசுமே. அப்புறம் எவன் நம்பி ஓட்டுப் போடுவான்?"

திட்டிக்கொண்டே அவரும், சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு கூட வேலை செய்யும் அக்காக்களும் என்னோடு உட்கார்ந்து, முந்நூறையும் பிரித்துத் தைத்தார்கள். அவர்களுக்கு எந்த வாயால் நன்றி சொல்வேன்?

இத்துடன் இரண்டு பிரதிகள் வைத்திருக்கிறேன். ஒன்று உனக்கு. மற்றது, இந்தக் கடிதத்தை உனக்கு முன்பே பிரித்துப் படிக்கும் சிறை அதிகாரி ஐயாவுக்கு. அவருடையதில் மட்டும் அந்தத் தாளின் முனையை மடித்து வைத்திருக்கிறேன்.

உன்
வாயில்லாப்பூச்சி