புர்கியின் வாரத்தில் என் கிளை

மே 9
இன்று என் வாசலில் பைன் கிளையைத் தொங்கவிட்டேன். கிளை தொங்கினால் அந்த வீட்டில் சொந்த ஒயின் ஊற்றுகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். முற்றம் நிறைய ஆட்கள். வியன்னாவில் டிராம் ஓட்டியதை விட்டுவிட்டு இந்தக் கிராமத்துக்கு வந்து திராட்சைத் தோட்டத்தில் முதுகொடியப் பாடுபட்டதற்கு, முதல்முறையாக மனசு நிறைந்தது.

மே 10
ஐயோ, என் அவசரபுத்தி! வாரத்துக்கு ஒரு வீடு என்று முறைவைத்துத்தான் கிளை தொங்கவிடுவார்களாம். இது எதிர்வீட்டு புர்கியின் வாரம். அவள் பெஞ்சுகள் காலி. எனக்கு யாரும் சொல்லவில்லை — நான் யாரைக் கேட்டேன்?

உடனே கிளையை இறக்கிவிட்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"நீங்க பட்டணத்துக்காரங்க. உங்களுக்கு நாங்க சொல்லித் தரணுமா?"

ஜூன் 2
ரொட்டிக் கடையில் வணக்கம் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 18
பயமாக இருக்கிறது. போன வருடம் திராட்சை பறிக்க வந்த வியன்னா நண்பர்கள் இந்தமுறை வர முடியாதாம். இங்கேயோ கூலிக்கு ஆள் கிடையாது. நீ என் தோட்டத்துக்கு வந்தால் நான் உன் தோட்டத்துக்கு, அதுதான் இந்த ஊர் வழக்கம். நான் யார் தோட்டத்துக்குப் போயிருக்கிறேன்? தனியாகப் பறித்தால் பாதி கொடியிலேயே அழுகிவிடும்.

செப்டம்பர் 12
வருவது வரட்டும் என்று வாளியோடு புர்கியின் தோட்டத்துக்குப் போய் நின்றேன். அவள் முறைத்தாள். கணவர் பொல்டிதான், "விடு புர்கி, ரெண்டு கை கூட இருந்தா கசக்குதா?" என்றார்.

இருப்பதிலேயே செங்குத்தான வரிசையை எனக்குக் கொடுத்தாள். சாயங்காலம் என் வாளியைக் கிளறிப் பார்த்தாள்.

"ஒரே இலையா இருக்கே! நீங்க ஒயின் போடுறீங்களா, கஷாயம் போடுறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். கிண்டல்தான். இருக்கட்டுமே! என்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டாளே!

செப்டம்பர் 13
போனேன்.

செப்டம்பர் 14
இடுப்பு போச்சு. போனேன்.

செப்டம்பர் 20
நாளை மழையாம். விடிந்ததும் என் தோட்டத்தில் தனியாக ஆரம்பித்தேன். முதல் வாளி நிறைவதற்குள் டிராக்டர் சத்தம். புர்கி, பொல்டி, பின்னால் பாதி ஊர்.

"நாங்க வராம எப்படிடி ஆரம்பிச்சே? சரி, மத்தியானத்துக்கு என்ன சமைச்சிருக்கே?"

"ஒண்ணும் இல்லையே... நான் யாரையும் கூப்பிடலையே அக்கா!"

"கூப்பிடாதது ஒரு தப்பு, சமைக்காதது ரெண்டாவது தப்பு!"

பொல்டி போய் உருளைக்கிழங்கு சூப்பை அண்டாவோடு தூக்கிவந்தார். இருட்டுவதற்குள் கடைசிக் கொத்தும் உள்ளே வந்துவிட்டது. அழுதுட்டேன். கண்ணுல சாறு பட்டுடுச்சுன்னு சொன்னேன். ஒருத்தரும் நம்பல.

நவம்பர் 11
குழந்தைக்குச் செய்வதுபோலவே புது ஒயினுக்கும் இங்கே ஞானஸ்நானம் உண்டு; இன்று அந்த நாள். என் ஒயினுக்குப் பொறுப்பேற்று முன்னே நிற்கும் ஞானத்தாய் யார் என்று பாதிரியார் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், "வேற யாரு, நான்தான்" என்று புர்கி முன்னால் போய் நின்றுவிட்டாள்.

ஜனவரி 14
இன்று பொல்டி தோட்டத்தில் கொடி வெட்டும் வேலை. எனக்கோ காய்ச்சல். ஒருநாள் போகாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று படுத்துவிட்டேன். கதவு இடிபட்டது. புர்கிதான்.

"உடம்பு சரியில்லன்னா சொல்லி அனுப்ப மாட்டியா நெலி? எங்கே அவ, எங்கே அவன்னு ஆளாளுக்கு என் உயிரை வாங்குறாங்க!"

படுக்கையில் சாய்ந்தபடி இதை எழுதுகிறேன். புர்கி அடுப்படியில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு நல்ல கரண்டிகூட இல்லாத வீடு இது என்று இன்னும் திட்டி முடிக்கவில்லை.