இரண்டு டன் படகும் அப்பாவின் சாவியும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலம், நீ விற்கச் சொன்ன படகும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இத்தனை தூரத்திலிருந்து நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியும் இல்லை. போனில் சொன்னால் ஆகாதா, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். இது அவர் காதில் விழக் கூடாது, அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாகக் கடைசிவரை படி.

ஓய்வு பெற்ற பணத்தில் அப்பா பழைய படகு ஒன்றை வாங்கியதும், அதை ஏரிக்கு இழுத்துப் போக என் வாடகைக் கடை பிக்கப்பைத் தயார் செய்துகொண்டிருந்ததும் உனக்குத் தெரியும். ஒரு மாதம் வீடு வீடாக இல்லை. வண்டியின் அடிச்சட்டத்தில் இழுவைக் கொக்கியை மாட்டினார்கள், கனத்தில் பின்பக்கம் தாழாமலிருக்க ஸ்பிரிங் பட்டைகளை மாற்றினார்கள், டிரெய்லருக்குத் தனியாக பிரேக், அதை அழுத்த ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு சின்னப் பிடி, பின்னால் வருவது தெரிய இரண்டு பக்கமும் யானைக் காது மாதிரி கண்ணாடி. எல்லாவற்றையும் செய்தது நம் பட்டறை அண்ணன்தான், எதையும் மூன்று முறை அளக்காமல் தொடமாட்டாரே, நீ சின்ன வயதில் மில்லிமீட்டர் என்று பெயர் வைத்தாயே அவர். கொக்கி விட்டாலும் டிரெய்லர் ஓடிப்போகாமலிருக்க இரண்டு சங்கிலி குறுக்காக மாட்ட வேண்டுமாம், அதை மாட்டிக் காட்டச் சொல்லி என்னிடமே பரீட்சை வைத்தார். நான் பாஸ்.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை முதல் முறையாக இழுத்துப் பார்த்தோம். கிடங்குகள் இருக்கும் அந்த அகல ரோட்டில் அப்பா ஓட்டினார், நான் பக்கத்தில். நாற்பது வரைக்கும் ஒன்றும் இல்லை. அறுபதைத் தொட்டதும் பின்னால் படகு இந்தப் பக்கம் ஒரு ஆட்டம் அந்தப் பக்கம் ஒரு ஆட்டம், எங்கள் வண்டியையும் சேர்த்து இழுக்க ஆரம்பித்தது. பிரேக்கைப் போடுங்க பிரேக்கைப் போடுங்க என்று நான் கத்த, அவர் போடவே இல்லை, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுப் பேசாமல் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டார், வண்டி தானாக அடங்கியது. இறங்கியதும் நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா. கண்ணுல ஆபரேஷன் ஆன ஆளு, கை நடுங்குது, கத்தினாக்கூட காதுல விழல, இனிமே இந்த வண்டிய நீங்க தொடவேணாம் என்று சொல்லிவிட்டேன். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டி ஒரு கோழியைக்கூட அடிக்காத மனுஷனிடம் சொன்னேன். அவர் சாவியை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்குச் சாயங்காலம்தான் நான் உனக்குப் போன் செய்து புலம்பினேன், நீ அவரைக் கூப்பிட்டு, வண்டி ஓட்டுறத விட்டுடுங்கப்பா, படகையும் வித்துடுங்க என்று சொன்னாய். சரிம்மா என்றார், அவ்வளவுதான். நான்கு நாளும் பேப்பரைப் படித்த பக்கத்தையே திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை படகைப் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தலாம், வாங்க வருகிறவர்கள் அங்கே வந்து பார்க்கட்டும் என்று முடிவாகி, நானே ஓட்டினேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்குக் கொஞ்சம் மிதப்பு என்றே வைத்துக்கொள், அவரால் முடியாததை நான் செய்கிறேன் என்று. அதே ரோடு, அதே வேகம், அதே ஆட்டம். நான் ஸ்டீயரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்ப ஆரம்பித்தேன். அப்பா சத்தம் போடவில்லை. கால எடு, ஒண்ணுமில்ல, நேரா புடி, ஆட்டத்த அடக்கணும்னு திருப்பாத என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே கையை நீட்டி அந்த டிரெய்லர் பிரேக் பிடியை மட்டும் அழுத்தினார். பின்னால் யாரோ வாலைப் பிடித்து நேராக இழுத்த மாதிரி படகு அடங்கிவிட்டது. அன்றைக்கு அவர் காலை எடுத்து நேராகப் பிடித்ததும் இதற்காகத்தான் என்று அப்போதுதான் புரிந்தது, நான் சொன்னபடி சட்டென்று வண்டி பிரேக்கைப் போட்டிருந்தால் இந்தக் கடிதம் எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

பட்டறையில் மில்லிமீட்டர் டிரெய்லரின் முன்தண்டு கொக்கியை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். அவர் கேட்டு வாங்கிய, நாம் வீட்டில் ஏறி நின்று பார்க்கிற எடை மெஷின் அவ்வளவு தாங்காது, அதனால் ஒரு பலகையின் ஒரு முனையைச் செங்கல்மேலும் மறு முனையை மெஷின்மேலும் வைத்து, செங்கல் பக்கமாகத் தண்டை இறக்கினார், மெஷின் மூன்றில் ஒரு பங்குதான் காட்டுமாம். காட்டியது இருபத்திரண்டு, அதாவது அறுபத்தாறு கிலோ. இரண்டு டன் படகுக்கு இருநூறாவது வேண்டுமாம், முன்னால் கனம் இல்லாவிட்டால் வால்தான் ஆடும், யார் ஓட்டினாலும் ஆடும் என்றார். படகுக்குள் ஏறிப் பார்த்தால் பேட்டரி, பெட்ரோல் கேன், நங்கூரம், தண்ணீர் கேன் எல்லாம் படகின் பின் மூலையில் அடுக்கிவைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இது யாரு அடுக்கினது என்று கேட்டார். உன் அப்பா ஒரு நொடிகூட யோசிக்காமல், நாங்க ரெண்டு பேருந்தான் என்றார். அவர் ஒரு கேனைக்கூடத் தொடவில்லையடி. அடுக்கியது நான். பதினெட்டு வருஷமாக நாற்காலி மேசை வாடகைக்கு ஏற்றி இறக்குகிற கை, கனமானது கடைசியில் ஏறிப் பின்னோரமாக நின்று முதலில் இறங்க வேண்டும் என்று அதற்குப் பழக்கம், படகையும் அப்படியே ஏற்றிவிட்டது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான்தான் அடுக்கினேன், அவர் கையில ஒரு நடுக்கமும் இல்ல, என் புத்தியிலதான் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். மில்லிமீட்டர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய உபகாரம். எல்லாவற்றையும் முன்னால் நகர்த்தியதும் மெஷின் எழுபது காட்டியது, அதாவது இருநூற்றுப் பத்து கிலோ. அந்த மெஷின் இப்போது பட்டறையிலேயே இருக்கிறது, எனக்கு அதில் வருத்தமில்லை.

சாவியை அப்பாவிடம் கொடுத்தேன். வேணாம், நீயே ஓட்டு என்றார். நான் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன், வேறென்ன செய்வது. சனிக்கிழமை ஏரிக்கும் அவர்தான் ஓட்டினார், பாலம் ஏறி இறங்கும்போதுகூடப் படகு பின்னால் வருவதே தெரியவில்லை. ஏரிக்கரைச் சரிவில் டிரெய்லரைப் பின்னால் தள்ளித் தண்ணீரில் இறக்கத்தான் நான்கு தடவை கோணலாகப் போனது, ஐந்தாவதில் இறங்கியது, அதை நான் அவரிடம் சொல்லிக்காட்டாமலிருக்க ரொம்பப் பாடுபட்டேன். படகு மிதந்தது. மத்தியானம் வரை தண்ணீரில் இருந்தோம், எனக்கு மூக்கெல்லாம் வெயிலில் தோல் உரிந்துவிட்டது, ஆனாலும் நிம்மதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னிடம் ஒன்று கேட்டார், நான் ஓட்டினேன்னு பாப்பாகிட்ட சொல்லாத, அது அங்க ஒக்காந்து பயப்படும் என்று. படகு விற்பனைக்கு என்று எழுதிவைத்திருந்த அட்டையைக் கிழிக்கவும் இல்லை, நீ சொன்ன வார்த்தை அவருக்கு அவ்வளவு பெரிது. நான் சொன்னதை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன். நீ சொன்னதை நான் வாங்க முடியாது. இந்தக் கடிதம் வந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, எதுவும் தெரியாத மாதிரி போன் பண்ணு. லீவில் நீ வரும்போது டாக்சி வேண்டாம், நீங்களே வண்டியெடுத்து வந்து என்னைக் கூட்டிப் போங்கள் என்று அவரிடம் கேள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் போனை வைக்காமலிரு, அவருக்குப் பதில் சொல்லச் சற்று நேரமாகும்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். தலைவலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா