மோட்டார் சுவிட்ச் என் பக்கம்

ஜன. 6, திங்கள்

பனி. காலில் இரண்டு சாக்ஸ்.

இந்த வாரத் திட்டம்:
1. கீசர் நிறுத்தம். எனக்குப் பச்சைத் தண்ணீர். கமலாவுக்கு அடுப்பில் ஒரு பாத்திரம்.
2. ஃப்ரிட்ஜ் கதவு ரப்பர் தளர்வு. மாற்றும்வரை யோசித்துத் திறக்க வேண்டும்.
3. தண்ணீர் மோட்டார். மாடிக்கும் சேர்த்து என் மீட்டரில் ஓடுகிறது. இனிப் போடப்போவதில்லை.
4. தம்பி நடராஜன் இறங்கி வந்து கேட்க வேண்டும்.
5. அப்போது என் குரல் நடுங்கக் கூடாது.

காரணம் எழுதிவைக்கிறேன், சூடு ஆறிவிடக் கூடாது. நேற்று தன் பேத்திக்குப் பெயர் வைத்த பந்தியில், சம்பந்தி வீட்டார் எதிரில், என் தம்பி சொன்னது: "எங்க அண்ணன் கணக்கு வாத்தியார். ஊருக்கே சொல்லிக் குடுத்தாரு, கரண்ட் யூனிட் கணக்கு மட்டும் அவருக்கே வராது."

அவன் அரசின் இலவச மின்சார வரம்புக்குள் நிற்கிறானாம், பில் பூஜ்யமாம். நான் மாதாமாதம் கட்டுகிறேன். எல்லோரும் சிரித்தார்கள். கமலாவும். நானும் சிரித்துவைத்தேன். அதுதான் தாங்கவில்லை.

ஜீவனஹள்ளியில் அப்பா கட்டிய வீடு. கீழே நான், மேலே அவன். கீழ்த்தொட்டியிலிருந்து மாடி டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் சுவிட்ச் என் சமையலறைக்குள். இத்தனை வருஷமாகக் காலையில் போடுவது நான். அவன் வீட்டுச் சோப்பு நுரைக்கும் என் கரண்ட். ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.

ஜன. 7, செவ்வாய்

முதல் சொம்பில் மூச்சு நின்றுவிட்டது. இரண்டாவது சொம்பில் ந.வை நினைத்துக்கொண்டேன். குளிர் தெரியவில்லை.

காக்ஸ் டவுன் போய் எல்.இ.டி. பல்புகள். பூஜை அறையில் இன்னும் பழைய குண்டு பல்பு இருந்திருக்கிறது. வெட்கம். டி.வி.யை ரிமோட்டில் அணைத்தால் போதாது, சுவிட்சையே அணைக்க வேண்டும் என்று கமலாவிடம் விளக்கினேன். "சீரியல் நடுவுல கைய வெச்சீங்கன்னா ராத்திரிச் சோறு கெடையாது" என்றாள். விதிவிலக்கு: சீரியல்.

மோட்டார் போடவில்லை. நமக்கு முற்றத்துக் குழாயில் காவேரித் தண்ணீர் நேராக வரும். டிரம் நிரப்பியாயிற்று. அந்த வேகத்தில் மாடிக்கு ஏறாது.

ஜன. 9, வியாழன்

டேங்க் காலி. மேலே குழாய் இருமுகிறது. மோட்டார் நான் போட்டிருப்பேன் என்ற நம்பிக்கை ந.வுக்கு. ஏதோ அடைப்பு என்று பிளம்பரைக் கூட்டிவந்துவிட்டான். மொட்டைமாடியிலிருந்து பிளம்பரின் கன்னடக் குரல், "டேங்கல்லி நீரே இல்லா சார்!" அதற்கும் ந.விடம் காசு வாங்காமலா போயிருப்பான் பிளம்பர். இட்லி இரண்டு அதிகம் சாப்பிட்டேன்.

மதியம் ந. மனைவி குடத்தோடு இறங்கி வந்தாள். முட்டி வலிக்காரி. கமலா நம் டிரம்மைத் திறந்துவிட்டாள். கேட்டதற்கு, "ஒங்க சண்ட அவளோடயா?" என்றாள். திட்டத்தில் இதை யோசிக்கவில்லை. எல்லை மீறுகிறேனோ? பந்திச் சிரிப்பை நினைத்தேன். மீறவில்லை.

ஜன. 10, வெள்ளி

வந்தான். ஒரு கன்னத்தில் சவர நுரை. கமலா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள்.

"ஏன்ணா, மோட்டார் போடலியா?"

கண்ணாடி முன் பழகிய வாக்கியம். "அது என் மீட்டர்ல ஓடுது, நடராஜா. எனக்குத்தான் யூனிட் கணக்கு வராதே." குரல் நடுங்கியது. சொல்லிவிட்டேன், அது போதும்.

அவன் நேராக வாசலுக்குப் போய் என் மீட்டருக்குக் கீழே மெயின் சுவிட்சை இறக்கினான். ஃபேன் நின்றது. ஃப்ரிட்ஜ் அடங்கியது. திரும்பி வந்து மோட்டார் சுவிட்சைத் தட்டினான்.

மோட்டார் ஓடியது.

"அப்பா காரியம் முடிஞ்ச கையோட என் மீட்டருக்கு மாத்திட்டேன். ஒங்களுக்குப் பென்ஷன்தான. சொன்னா வேணாம்பீங்க." சுவிட்சை மட்டும் இங்கேயே விட எலக்ட்ரீஷியனிடம் சொன்னானாம், காலையில் முதலில் எழுந்திருப்பது நான் என்பதால். மெயினை ஏற்றிவிட்டு, "மொதல்ல அந்த ஃப்ரிட்ஜ மாத்துங்கண்ணா" என்று மேலே போய்விட்டான். நுரை காய்ந்திருந்தது.

ஜன. 11, சனி

பனி இல்லை. பச்சைத் தண்ணீர்தான். நிறுத்தமாட்டேன்.

சுவிட்ச் என் வீட்டில், ஆகவே மீட்டரும் என்னுடையது. எட்டாம் வகுப்புப் பையன் இப்படி நிரூபணம் எழுதியிருந்தால் சிவப்பு மையில் கோடு போட்டிருப்பேன். என் மோட்டாரையும் தூக்கிக்கொண்டு அவன் வரம்புக்குள் நிற்கிறான். பந்தியில் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வெறுக்க எவ்வளவு வசதி. இரக்கப்பட்டிருக்கிறான், என்னைக் கேட்காமல், இத்தனை வருஷம். பந்திப் பேச்சை மன்னித்தாலும் இதை மன்னிப்பதாக இல்லை. அடுத்த பில் எனக்கும் பூஜ்யம் வர வேண்டும். அதை அவன் கண்ணில் படும்படி வைக்க வேண்டும்.

கமலாவிடம் சொல்லவில்லை. காலையில் மோட்டார் போட்டேன், டேங்க் நிரம்பி வழியும்வரை நின்றேன்.

திட்டத்தில் எண் 3 தவறு.