தேன்தண்ணீர் கட்டிய கிளை

இன்று காலை ஒரு பப்பாப்பழத்தை வெட்டினேன். கனிந்து ஒரு நாள் கூடிப்போன பழம். அந்த மணம் எழும்பியதும் கத்தியை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். பதினெட்டு வருடம் நீயும் நானும் மிருகக்காட்சிசாலையின் தீன் அறையில் எதிரெதிராக நின்று இந்த மணத்துக்குள்தான் இருந்தோம். நீ விலங்கியல் பட்டதாரி, நான் வேதியியல். சுவிஸில் எங்கள் பட்டங்களை எவரும் கேட்கவில்லை. கத்தி பிடிக்கத் தெரியுமா என்றுதான் கேட்டார்கள்.

தென்னமெரிக்க மழைக்காட்டு ஒப்போசம் ஒன்று வந்தது நினைவிருக்கும். பூனைக்குட்டி அளவு, வாலால் கிளையைச் சுற்றிப் பிடித்துத் தொங்கும். எங்கள் மேலதிகாரி செஃப்பின் தீன் பட்டியலில் பழம், அவித்த முட்டை, புழு. நிலத்தில் வைத்த தட்டை அது நாட்கணக்காகத் தொடவில்லை. உடம்பு வற்றிக்கொண்டே போனது.

"மச்சான், மழை குறைஞ்ச மாசங்களில காட்டில பழம் கிடைக்கிறது அருமை. அப்ப இது உச்சிக்கிளைக்குப் போய்ப் பூவில தேன் குடிக்கும். நாங்கள் நிலத்தில தட்டை வைச்சுப்போட்டு, தின்னேல்லை எண்டு அழுறம்," என்றாய்.

"செஃப்பிட்டச் சொல்லு."

"சொன்னா அவர் நாளைக்குக் கூட்டம் வைப்பார். இதுக்கு இண்டைக்கெல்லே பசிக்குது."

ஏணி வைத்து ஏறி, உயரக் கிளையில் தேன்தண்ணீர்க் கிண்ணம் ஒன்றைக் கட்டினாய். கண்ணாடிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அது முகர்ந்தது, விலகியது, திரும்பி வந்து நாக்கை நீட்டியது. காட்டில் என்றால் அதன் மூக்கில் மகரந்தம் ஒட்டி அடுத்த மரத்துக்குப் போகும் என்றாய். இரண்டு கிழமையில் பழமும் புழுவும் தின்னத் தொடங்கியது, எல்லாம் அந்தக் கிளையில்தான்.

செஃப் அதைத் தன் யோசனையாகக் கூட்டத்தில் சொன்னார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எழும்பிக் கைதட்டிய உன்னையும்தான். "அது குடிச்சிட்டுது, பிறகென்னடா?" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

நேற்று உன் தம்பி தொலைபேசியில் வந்தான். நீ போன முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் வேண்டுமாம்.

"அண்ணை, மிருகக்காட்சிசாலை அதிகாரி எண்டு எழுதுங்கோ. தீன் வெட்டின கதை வேண்டாம். எலி மாதிரி ஒண்டுக்குத் தேன் கரைச்சவர் எண்டால் சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அது எலியில்லை."

"அப்ப உங்கட பக்கம் மலரில வராது."

வராவிட்டால் போகட்டும். இதை நானே அச்சடிப்பேன். நினைவுநாள் அன்றைக்கு வின்டர்தூர் நகரத்து மண்டபத்தின் வாசலில் நின்று, சாப்பாட்டுக்கு உட்காரும் முன் ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பேன். ஒரு வரியும் குறையாது.

ஆனால் உன் தம்பியை மட்டும் எப்படித் திட்டுவது? ஆய்வுகூடத்தில் வேலை என்று இத்தனை வருடமாக எங்கள் சனத்திடம் சொல்லி வந்தவன் நான். பக்கத்தில் நின்று கேட்டும் நீ ஒருநாளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தக் கடன் என்னோடு இருக்கிறது.

ஆகவே இந்தத் தாளின் அடியில் என் முழுப்பெயரைப் போடுகிறேன். அதன் கீழே என் தொழில்: தீன் அறையில் பழம் வெட்டுபவன்.